அவைக்கு வரும் மனுக்கள்: உரிமையும் நடைமுறை விதிகளும்

சட்டமியற்றும் அவைக்குக் குடிமக்கள் தம் பெயரிட்டு, கையொப்பமிட்டு எழுதும் வேண்டுகோளே பொது மனு. வாக்களித்த நாளிலிருந்து அடுத்த தேர்தல் வரை குடிமகனுக்கும் அவைக்கும் இடையே முறைப்படி திறந்திருக்கும் வழிகள் மிகச் சில. அவற்றுள் மிகப் பழையது இது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவும் இதுவும் ஒன்றல்ல. பட்டா பெயர் மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று ஆட்சியரிடம் சொல்பவர் நிர்வாகத்திடம் தமக்கான தீர்வைக் கேட்கிறார். அவைக்கு மனு எழுதுபவரோ சட்டத்தை வகுப்பவர்களிடம், அமைச்சகத்தை அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் பேசுகிறார். அதனாலேயே அவை மனுவைச் சுற்றி விதிகளும் வளர்ந்தன: யார் எழுதலாம், எதைப் பற்றி எழுதலாம், எந்த மொழியில், எந்த வடிவில், யார் வழியாக அது அவைக்குள் நுழையலாம், நுழைந்தபின் என்ன ஆகும் என்பவை அவை. மேலோட்டமாகப் பார்த்தால் இவை அலுவலகச் சடங்குகளாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஏதோவொரு காலத்தின் அச்சமோ அனுபவமோ இருக்கிறது.

விதிகள் பிறந்த இடம்

இந்திய நாடாளுமன்றத்தின் மனு விதிகளுக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில், நாடாளுமன்றம் கூடும்போது மனுக்களை வாங்குவதற்கென அலுவலர்களும், அவற்றை ஆராய்வதற்கெனத் தனிக் குழுவினரும் நியமிக்கப்பட்டனர். அன்றைய நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் இடமாக இருந்ததைவிட முறையீடு கேட்கும் இடமாகவே மிகுதியும் இருந்தது. பொதுமக்கள் அவை மன்னருக்கு அளித்த மனுக்களிலிருந்துதான் சட்டமுன்வடிவு என்ற வடிவமே வளர்ந்தது.

17-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், மனுவை ஏந்தியபடி பெருங்கூட்டம் அவையின் வாசலுக்கு வருவது வழக்கமாயிற்று. மன்னராட்சி மீண்டபின் 1661-இல் அதை அடக்க ஒரு சட்டம் வந்தது. நாட்டின் சட்டத்தையோ திருச்சபை அமைப்பையோ மாற்றக் கோரும் மனுவுக்கு, உள்ளூர் நீதிபதிகள் மூவரின் ஒப்புதல் இல்லாமல் இருபது பேருக்குமேல் கையொப்பம் திரட்டக் கூடாது. பத்துப் பேருக்குமேல் சேர்ந்து வந்து மனுவைக் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் 1986 வரை ஏட்டில் இருந்தது. எட்டே ஆண்டுகளில், 1669-இல், பொதுமக்கள் அவை மறுபக்கத்தையும் உறுதிசெய்தது. குறை உள்ள ஒவ்வொருவருக்கும் அவைக்கு மனு எழுதும் உரிமை பிறப்பிலேயே உண்டு, அதைப் பெற்றுக்கொள்ளும் உரிமை அவைக்கு உண்டு, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வதும் அவையே என்று அது தீர்மானித்தது. இன்றைய மனு விதிகள் அனைத்தும் இந்த மூன்று கருத்துகளின்மேல்தான் நிற்கின்றன. 1688-இல் மன்னருக்கு மனு எழுதிய குற்றத்துக்காக ஏழு பேராயர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டு, அவர்கள் விடுதலையானார்கள். மறு ஆண்டின் உரிமைச் சாசனம், மன்னருக்கு மனு எழுதியதற்காக எவரையும் சிறையிடுவதோ வழக்குத் தொடுப்பதோ சட்டவிரோதம் என்று அறிவித்தது.

பொதுமக்கள் அவையின் நிலையாணைகளில் மிகப் பழையதும் மனுவைப் பற்றியதே. அரசுப் பணத்தைக் கோரும் எந்த மனுவையும் மன்னரின் பரிந்துரை இல்லாமல் அவை ஏற்காது என்று 1706-இல் நிறைவேறிய தீர்மானம் 1713-இல் நிலையாணையாயிற்று. அரசின் முன்மொழிவின்றிச் செலவினத்தை அவை எடுத்துக்கொள்ளாது என்ற கோட்பாட்டை இன்று நிதி நடைமுறையின் அடித்தளமாகப் படிக்கிறோம். அது முதலில் உருப்பெற்றது, பணம் கேட்டு வந்த மனுக்களைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான்.

19-ஆம் நூற்றாண்டு மனுவின் பொற்காலம். அதற்கு முன்னரே, அடிமை வணிக ஒழிப்பைக் கோரி 1792-இல் மட்டும் 519 மனுக்கள் வந்திருந்தன. பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட மனுவை 1866-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் அவையில் அளித்தார். வாக்குரிமை இல்லாத தொழிலாளர்களுக்காகச் சாசன இயக்கத்தினர் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் மனுக்களைக் கொண்டுவந்தனர். 1842-ஆம் ஆண்டின் மனுவில் 33 லட்சம் பேருக்குமேல் கையொப்பமிட்டிருந்தனர்; வாசலில் நுழைய முடியாத அளவுக்கு அது பெரிதாக இருந்ததால் துண்டு துண்டாகப் பிரித்தே உள்ளே கொண்டுபோனார்கள். மனுதாரர்களின் பிரதிநிதிகளை அவை நேரில் கேட்க வேண்டும் என்ற தீர்மானம் 49-க்கு 287 என்ற வாக்குகளில் தோற்றது. 1848-இல் 57 லட்சம் கையொப்பங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. எழுத்தர்கள் பதின்மூன்று பேர் உட்கார்ந்து எண்ணியபோது 19,75,496 மட்டுமே இருந்தன. விக்டோரியா அரசியின் பெயரிலும் வெலிங்டன் பிரபுவின் பெயரிலும் போலிக் கையொப்பங்கள் காணப்பட்டன. இருபது லட்சத்தை எட்டும் உண்மையான கையொப்பங்களின் எடை அந்தப் போலிகளால் ஒரே நாளில் சரிந்தது. கையொப்பத்தோடு முழுப் பெயரும் முகவரியும் கேட்கும் விதியைக் கெடுபிடி என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனுவை அளிக்கும்போது அவையில் விவாதம் கூடாது என்ற விதியும் இதே காலத்தின் பிள்ளை. ஒவ்வொரு மனுவையும் ஒட்டி உறுப்பினர்கள் நீளப் பேசியதால் 1830-களில் அவையின் அன்றாட அலுவல் நின்றுபோகும் நிலை வந்தது. 1842-இல் நிலையாணைகள் அந்த விவாதத்தைத் தடுத்தன. அதற்கு மறு ஆண்டில், 1843-இல், 33,898 மனுக்கள் வந்தன என்பதைப் பார்த்தால் அந்தத் தடையின் தேவை விளங்கும். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. விவாதம் நின்றபின் மனு மெல்ல மெல்ல அவையின் கவனத்திலிருந்து நழுவியது. அவைத் தலைவரின் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பையில் மனுவைப் போட்டுவிட்டு உறுப்பினர் போய்விடுவதும் முறையான தாக்கலாகவே எண்ணப்பட்டது.

சென்னையிலிருந்து லண்டனுக்கு

இந்தியாவில் சட்டமன்றம் என்ற ஒன்று இல்லாத நாளிலேயே தென்னிந்தியர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன், மாகாணத்தின் வரிச்சுமையையும் நிர்வாகக் கேடுகளையும் பட்டியலிட்டு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்யும் வழக்கம் அதைத் தொடர்ந்து லண்டனில் பேச்சாயிற்று. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-இல் சென்னைக்கு வந்து நேரில் பார்த்துப் போனார். 1854-இல் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது. மறு ஆண்டில் வெளியான அதன் அறிக்கை, அந்தக் கொடுமை உண்மை என்று ஒப்புக்கொண்டது. வாக்குரிமையோ பிரதிநிதியோ இல்லாத ஒரு சமூகம், மனு என்ற ஒரே கருவியைக் கொண்டு ஆட்சியாளரின் வாயாலேயே உண்மையை வரவழைத்த நிகழ்ச்சி இது. தமிழகத்தின் அரசியல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இந்திய மண்ணிலேயே அவைக்கு மனு அளிக்கும் உரிமை வந்தது மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்துக்குப் பின்னர்தான். சாட்சியம் பெறும் அதிகாரம் கொண்ட பொது மனுக்கள் குழு வேண்டும் என்ற தீர்மானம், 1921 செப்டம்பரில், கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்ற அன்றைய மேலவையில் கொண்டுவரப்பட்டது. குழுவுக்கு அவ்வளவு அதிகாரம் தர அரசு உடன்படவில்லை. அவையின் அலுவலோடு தொடர்புடைய பொருளில் மட்டும், கட்டுப்பாடுகளோடு, மனு கொடுக்கலாம் என்ற ஏற்பாடே வந்தது. 1924 பிப்ரவரியில் முதல் குழு அமைந்தது. 'பொது மனுக்கள் குழு' என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் 'மனுக்கள் குழு' என்று சுருங்கி, இன்றுவரை அப்படியே நிற்கிறது.

மக்களவையின் விதிகள்

விடுதலைக்குப் பின் வந்த அரசமைப்பு, மனு உரிமையை அடிப்படை உரிமைகளில் தனியாகச் சேர்க்கவில்லை. ஒவ்வோர் அவையும் தன் நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்று 118-ஆம் பிரிவு சொல்கிறது; மனு விதிகள் அந்த அதிகாரத்தின்கீழ்ப் பிறந்தவை. மக்களவையின் நடைமுறை விதிகளில் மனு பற்றிய பகுதி 160-ஆம் விதியில் தொடங்குகிறது. அதன்படி மூன்று வகைப் பொருள்களில் மனு வரலாம்: அரசிதழில் வெளியான அல்லது அவையில் அறிமுகமான சட்டமுன்வடிவு; அவையின் முன் நிலுவையில் உள்ள அலுவலோடு தொடர்புடைய எதுவும்; பொது நலன் சார்ந்த எதுவும்.

மூன்றாம் வகை மிகவும் விரிந்தது. ஆகவே அதற்கு மட்டும் நான்கு விலக்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நீதிமன்றம், தீர்ப்பாயம், விசாரணை ஆணையம் போன்றவற்றின் பார்வைக்கு உட்பட்டதாக இருக்கக் கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய பொருளாக இருக்கக் கூடாது. ஊர்க் காவல் நிலையம் பற்றியோ ஊராட்சிச் சாலை பற்றியோ டெல்லிக்கு மனு போட முடியாது. தனித் தீர்மானம் மூலம் எழுப்பக்கூடியதாக இருக்கக் கூடாது. ஒன்றிய அரசின் சட்டத்திலோ விதியிலோ ஏற்கெனவே பரிகாரம் உள்ளதாகவும் இருக்கக் கூடாது.

இவற்றில் முதல் இரண்டுக்கும் நியாயம் வெளிப்படை. வழக்கு நடக்கும்போது அவை இடையில் புகுந்தால் நீதிமன்றத்தின் சுதந்திரம் கெடும். மாநிலத்தின் பொருளில் நாடாளுமன்றம் கை வைத்தால் கூட்டாட்சி கெடும். நான்காவதும் ஏற்கத்தக்கது, மேல்முறையீடு செய்ய இடமிருக்கும்போது அவையை மேல்முறையீட்டு மன்றமாக ஆக்கக் கூடாது. சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்து பேச முடியாத பொதுப் பொருள் என்று ஒன்று அநேகமாகவே இல்லை. இந்த விலக்கை எழுத்துக்கு எழுத்து படித்தால், மூன்றாம் வகை மனு முழுவதையும் அது விழுங்கிவிடும். நடைமுறையில் அப்படி ஆகாமல் காப்பது மக்களவைத் தலைவரின் விவேகம் ஒன்றே. எந்த மனுவையும் அளிக்க அவரது இசைவு முதலில் வேண்டும். ஒரு குடிமகனின் உரிமை இப்படித் தனியொருவரின் விவேகத்தில் தொங்குவது நல்ல விதியமைப்பு ஆகாது. அந்த விலக்கை, நீதிபதியின் பதவிநீக்கம் போலத் தனித் தீர்மானத்தால் மட்டுமே எழுப்பக்கூடிய பொருள்கள் என்று குறுக்கி எழுதினாலே போதும்.

மனுவின் வடிவத்துக்கு விதிகளின் முதல் அட்டவணையில் ஒரு மாதிரி உண்டு. மேலே 'மக்களவைக்கு' என்று விளித்து, மனுதாரர் இன்னார் அல்லது இந்த ஊர் மக்கள் என்று சுருக்கமாகக் குறித்து, செய்தியைச் சொல்லி, முடிவில் இன்னது வேண்டும் என்று திட்டமாகக் கேட்க வேண்டும். அந்த முடிவு வாசகம்தான் மனுவின் உயிர். குறையை மட்டும் சொல்லிவிட்டு எது வேண்டும் என்று சொல்லாத தாள், விதிப்படி மனுவே ஆகாது. சட்டமுன்வடிவைத் தொடர வேண்டாம் என்றோ, இன்ன பிரிவில் இன்ன பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும் என்றோ கேட்கலாம். நடை பணிவும் நிதானமும் உள்ளதாக இருக்க வேண்டும். கடுஞ்சொல் இருந்தால் மனு திரும்பிவிடும். கடுமையான உண்மையை நிதானமான சொல்லில் எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

கையொப்பமிடும் ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். பலர் கையொப்பமிடும்போது, வேண்டுகோள் எழுதிய அதே தாளில் குறைந்தது ஒருவரின் கையொப்பமாவது இருக்க வேண்டும்; கையொப்பங்கள் பல தாள்களுக்கு நீண்டால் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் வேண்டுகோள் வாசகத்தைத் திரும்ப எழுத வேண்டும். எதற்கென்று தெரியாமல் வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி, பிறகு வேறொரு மனுவோடு கோத்துவிடும் மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. குறைந்தபட்சக் கையொப்பம் இத்தனை என்ற வரம்பு கிடையாது. ஒரே ஒருவர் கையொப்பமிட்ட மனுவும் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுவும் விதியின் கண்ணில் சமம். இந்திய விதிகளின் தலைசிறந்த பண்பு இது. சிறுபான்மையாக இருக்கும் ஒரு தொழிற்பிரிவினருக்கோ, அரிய நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கோ லட்சம் கையொப்பம் ஒருநாளும் சேராது. அவர்களுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

கடிதம், பிரமாணப் பத்திரம், வேறு ஆவணம் எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது. நீதிமன்றப் பழக்கத்தில் ஊறிய நமக்கு இது விந்தையாகப் படும். மனு தன் காலில் தானே நிற்க வேண்டும், சான்றுகளைப் பிறகு குழு கேட்டுப் பெற்றுக்கொள்ளும் என்பதே கருத்து.

இனி மொழி. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். வேறு இந்திய மொழியில் எழுதினால் அதன் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பையும் மனுதாரரே கையொப்பமிட்டு இணைக்க வேண்டும் என்கிறது 161-ஆம் விதி. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு நெசவாளி தமக்குப் படிக்கத் தெரியாத தாளில் 'இது என் சொல்' என்று கையொப்பமிட வேண்டிய நிலை இது. கைநாட்டு வைப்பவரைக்கூட மதித்து இடம் கொடுத்த விதி, மொழியில் அந்தப் பரிவைக் காட்டவில்லை. அரசமைப்பின் 350-ஆம் பிரிவோ, ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அலுவலருக்கும் அதிகார அமைப்புக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கக் கோரி எழுதும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. நாடாளுமன்றம் அந்தப் பிரிவுக்கு உட்பட்டதா என்று சட்டவாதம் செய்ய இடமிருக்கலாம். அந்தப் பிரிவின் நோக்கத்துக்கு விதி முரணானது என்பதில் ஐயமில்லை. மொழிபெயர்க்கும் பொறுப்பை அவைச் செயலகம் ஏற்பதுதான் நியாயம்.

தாக்கல் செய்யும் முறை

மனு அவைக்குள் நுழைய இரண்டு வழிகள். உறுப்பினர் ஒருவர் அதில் மேலொப்பமிட்டு, அவையின் பொதுச் செயலாளருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவையில் அளிக்கலாம். அல்லது மனுதாரர் பொதுச் செயலாளருக்கு நேரடியாக அனுப்பலாம்; அவர் அதை அவைக்குத் தெரிவிப்பார். உறுப்பினர் தம் சொந்த மனுவைத் தாமே அளிக்க முடியாது. மேலொப்பமிடுவதால் மனுவின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை. தம் கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிரான மனுவையும் ஓர் உறுப்பினர் தயக்கமின்றி அளிக்கலாம். அளிக்கும்போது, இன்னார் கையொப்பமிட்ட, இன்ன பொருள் பற்றிய மனுவை அளிக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லலாம், அவ்வளவே. விவாதம் இல்லை. அந்த நொடியிலேயே மனு, மனுக்கள் குழுவுக்கு அனுப்பப்பட்டதாகக் கொள்ளப்படும். 1842-இல் லண்டனில் எழுந்த தடுப்புச்சுவர் இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் சுவருக்கு அப்பால் பைக்குப் பதிலாக ஒரு குழு காத்திருக்கிறது என்பதே பெரிய வேறுபாடு.

மனுக்கள் குழுவில் குறைந்தது 15 உறுப்பினர்கள். மக்களவைத் தலைவர் நியமிப்பார். அமைச்சர் எவரும் இடம்பெறக் கூடாது. சட்டமுன்வடிவு பற்றிய மனுவாக இருந்தால், உறுப்பினர்கள் அனைவருக்கும் அதை முழுமையாகவோ சுருக்கமாகவோ சுற்றுக்கு விடலாமா என்று குழு முடிவு செய்யும். குறை பற்றிய மனுவாக இருந்தால் அமைச்சகத்திடம் விளக்கம் கேட்கும், தேவையானால் மனுதாரரையும் அதிகாரிகளையும் அழைத்துச் சாட்சியம் பெறும், நேரில் சென்றும் பார்க்கும். முடிவில், அந்தக் குறைக்கு என்ன தீர்வு, இனி அது நேராமலிருக்க என்ன வழி என்று அவைக்கு அறிக்கை தரும். 1921-இல் மறுக்கப்பட்ட சாட்சிய அதிகாரம் இப்படிக் குழுவின் கைக்கு வந்து சேர்ந்தது.

விதிப்படியான மனுவாக அமையாத கடிதங்களையும் முறையீடுகளையும்கூடக் குழு பார்க்கலாம். இதற்கு மக்களவைத் தலைவரின் நெறியுரைகள் இடம் தருகின்றன. பெயரோ முகவரியோ இல்லாத மொட்டைக் கடிதங்களும், வேறு யாருக்கோ எழுதித் தகவலுக்காக அனுப்பிய நகல்களும் மட்டும் விலக்கு. உண்மையில் குழுவுக்கு வருபவற்றில் இந்த முறையீடுகளே மிகுதி. வடிவம் தவறிய ஒரே காரணத்தால் குறை காதில் விழாமல் போகக் கூடாது என்ற இந்தத் தளர்வு பாராட்டத்தக்கது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டாயப்படுத்தாது. எடுத்த நடவடிக்கை என்ன என்று அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் ஆராய்ந்து குழு மறு அறிக்கை தரும். மக்களவை கலைந்தால் குழுவின் முன் நிலுவையில் உள்ள மனுக்கள் காலாவதியாகிவிடும். மனுதாரர் செய்த பிழை எதுவும் இல்லாமலே அவருடைய மனு இறந்துவிடுகிறது. மாநிலங்களவை கலைவதே இல்லை என்பதால் அங்கே இந்த இடர் கிடையாது.

மாநிலங்களவையும் ஒரு மனுவின் பயணமும்

மாநிலங்களவையின் விதிகளும் பெரும்பாலும் இவ்வாறே. குழுவில் பத்துப் பேர். தொடக்கத்தில் சட்டமுன்வடிவு போன்ற அவை அலுவல் பற்றிய மனுவுக்கே அங்கு இடமிருந்தது. பொது நலன் சார்ந்த பொருள்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. ஒரு மனு எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு இந்த அவையிலேயே தெளிவான சான்று உண்டு.

படைவீரர்களுக்கு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' வேண்டும் என்று கோரிய மனுவைப் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மனுக்கள் குழு விசாரித்து, 2011 டிசம்பரில் தன் 142-ஆவது அறிக்கையை அளித்தது. ஒரே பதவியில், ஒரே அளவு பணிக்காலம் முடித்தவர்கள் எந்த ஆண்டில் ஓய்வுபெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும், பின்னாளில் வரும் உயர்வும் பழையவர்களுக்குத் தானாகவே சேர வேண்டும் என்று கோரிக்கையின் பொருளை அந்த அறிக்கை வரையறுத்து, அதை நிறைவேற்றப் பரிந்துரைத்தது. பல ஆண்டுகளாகப் போராட்ட முழக்கமாக மட்டும் இருந்த ஒன்றுக்கு அளந்து சொல்லக்கூடிய பொருள் அப்போதுதான் கிடைத்தது. 2014 பிப்ரவரியில் அரசு கொள்கையளவில் ஏற்றது; 2015 நவம்பர் 7 அன்று ஆணை வெளியானது. ஆனால் ஆணையில் ஓய்வூதியம் தானாக உயராது, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும் என்று இருந்தது. குழுவின் வரையறைக்கு இது மாறானது என்று முன்னாள் படைவீரர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2022 மார்ச் 16 அன்று வந்த தீர்ப்பு, நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை அரசின் கொள்கை அறிவிப்பாகக் கொள்ள முடியாது என்று கூறி, அரசின் ஆணையை நிலைநிறுத்தியது. மனு ஒரு கோரிக்கையை நாட்டின் நிகழ்ச்சிநிரலில் ஏற்றும், அதற்குச் சொல்லும் வடிவமும் தரும், அரசைப் பதில் சொல்ல வைக்கும். சட்டப்படி அரசைக் கட்டும் கயிறாக அது ஆகாது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு வேறொரு வழியில் வளர்ந்திருக்கிறது. குழுவே மாவட்டங்களுக்குப் போகிறது. வருகைக்கு முன் ஆட்சியர் செய்திக்குறிப்பு வெளியிடுவார்: தனிநபர்களோ சங்கங்களோ நிறுவனங்களோ தங்கள் பகுதியில் நெடுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினைகளை மனுவாக எழுதி, தேதியும் கையொப்பமும் இட்டு, ஐந்து நகல்களாகத் தமிழில் அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. அதுவும் ஒரு துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், அரசு ஊழியரின் பணி தொடர்பான குறை ஆகியவை ஏற்கப்படா. குழு வரும் நாளில் மனுதாரரும் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். ஆற்றுப் பாலத்துக்காகப் பல ஆண்டுகள் எழுதிக் களைத்த ஊர்க்காரர், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் சட்டமன்ற உறுப்பினர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதை நேரில் கேட்கிறார். இந்த நேர்முகம்தான் மாநிலக் குழுவின் வலிமை. சட்டமுன்வடிவு பற்றி மனு எழுதும் வழக்கம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை. முன்வடிவுகள் அறிமுகமான சில நாள்களிலேயே நிறைவேறிவிடுவதால் மனு எழுத அவகாசமே கிடைப்பதில்லை.

பிற நாடுகளின் வழி

இலங்கை நாடாளுமன்றத்தில் உறுப்பினர் வழியாகவே பொது மனு வருகிறது. பொதுமனுக் குழு அதை விசாரிக்கிறது. 1981-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட நிர்வாகத்துக்கான நாடாளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், தொடக்கத்தில் இந்தக் குழு அனுப்பும் மனுக்களை மட்டுமே விசாரிக்க முடிந்தது. 1994-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மக்கள் அவரை நேரடியாகவே அணுகலாம்.

பிரிட்டன் 2015-இல் அரசும் நாடாளுமன்றமும் சேர்ந்து நடத்தும் இணைய மனு முறைக்கு வந்தது. மனு ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 பேர் கையொப்பமிட்டால் அரசு பதில் சொல்லும்; ஒரு லட்சத்தைத் தாண்டினால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடக் கோரிய 2019-ஆம் ஆண்டின் மனு 60 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. விவாதம் நடந்தது, முடிவு மாறவில்லை. எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் பரபரப்பான பொருள்கள் முந்திக்கொள்ளும், அமைதியான துன்பங்கள் பின்தங்கும். அதனால் இந்த அம்சத்தை இந்தியா அப்படியே பின்பற்றுவது நல்லதல்ல. இணையவழி எளிமையும், அரசு பதில் சொல்லும் வரம்பு முன்கூட்டியே தெரிந்திருப்பதும் கற்கத்தக்கவை.

ஜெர்மனி இன்னும் ஆழமாகப் போனது. தனியாகவோ கூட்டாகவோ மனு எழுதும் உரிமை அங்கே அரசமைப்பின் 17-ஆம் பிரிவில் அடிப்படை உரிமையாகவே இருக்கிறது. 45சி பிரிவு நாடாளுமன்றம் மனுக் குழு அமைத்தே தீர வேண்டும் என்கிறது. மனுவைப் பெற்றுக்கொண்டால் மட்டும் போதாது, அதை என்ன செய்தார்கள் என்று மனுதாரருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 1953-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இந்திய விதிகளை இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. வாசலில் நம் விதிகள் தாராளமானவை: கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, கையொப்ப எண்ணிக்கை இல்லை, கைநாட்டுக்கும் இடமுண்டு. குறை வாசலுக்கு உள்ளே இருக்கிறது. இசைவு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற விதி வேண்டும். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியில் மனு வந்தாலும் மொழிபெயர்ப்பைச் செயலகமே செய்ய வேண்டும். மனுவின் நிலையை இத்தனை மாதத்துக்குள் மனுதாரருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற காலவரம்பும், அவை கலைந்தாலும் புதிய குழு அந்த மனுவைத் தொடரும் என்ற உறுதியும் வேண்டும். இவற்றுக்கு அரசமைப்பைத் திருத்தத் தேவையில்லை. 118-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு, விதிகள் குழுவின் பரிந்துரையின்பேரில், அவையே தன் விதிகளை மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றத்தைக் கோரி மக்களவைக்கு மனு எழுதவும் இன்றைய விதிகளில் இடமிருக்கிறது.